குடும்பப் படம்: கணவாயிலும் மலையிலும்

மும்பையின் மாட்டுங்காவிலும், தில்லியின் கரோல் பாக்கிலும், கொல்கத்தாவின் ஏரிப் பகுதியிலும் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவற்றுள் பாலக்காட்டுச் சீமையிலிருந்து புறப்பட்டுச் சென்றவை கணிசமானவை. அக்குடும்பங்களில் பலவற்றுக்கு இன்று ஊரில் நிலம் இல்லை. 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தத்தால் பாட்ட நிலங்கள் சாகுபடி செய்தவர் கைக்குச் சென்றன. அக்கிரகாரத்து வீடுகளும் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. இனி மலைப்பக்கம் நோக்கினால், இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பதே பெரும்பாலும் வாய்த்ததில்லை. அவர்கள் குடியிருக்கும் லயத்து வீடு தோட்டத்திற்கு உரியது. வேலையினின்றும் ஓய்வு பெற்றால் அதை விட்டு இறங்க வேண்டியதுதான்.

கல்வியாலும் செல்வத்தாலும் சமூக நிலையாலும் இவ்விரு சாராரும் ஒருவருக்கொருவர் மிகத் தொலைவில் நிற்பவர்கள். எனினும் ஒரு செய்தியில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். நிலமும் வீடும் இல்லாத இடத்தில், முன்னோரிடமிருந்து வந்தது என்று எடுத்துக் காட்டுவதற்கு இருவர் கையிலும் எஞ்சி நிற்பது சட்டமிட்ட குடும்பப் படம் ஒன்றே. தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்திலோ, அண்ணனின் திருமணத்திலோ, தோட்டத்துத் திருவிழாவிலோ எடுத்த படம் அது. அப்படம் எவ்வாறு வந்தது, அதற்கு நம் முன்னோர் எவ்வாறு தம்மை ஆயத்தம் செய்துகொண்டனர், அதில் யார் இடம் பெற்றனர், யார் இடம் பெறவில்லை என்பவற்றைச் சற்றே ஆராய்வோம். அவ்வாராய்ச்சி, இனி நாம் எடுக்கப்போகும் படங்களுக்கும் பயன்படும்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்குப் பொருளைக் காணும்முன் அதன் பெயரைப் பார்ப்பது பழக்கம். ஐரோப்பியர் இக்கலைக்கு வைத்த பெயர், ஒளியால் வரைதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆனது. தமிழில் நாம் அதனை நிழற்படம் என்கிறோம். இந்தியிலும் மலையாளத்திலும் சாயை என்னும் வடசொல்லைக் கொண்டு பெயரிட்டனர். அச்சொல்லுக்கு நிழல் என்றும் பொருள் உண்டு, உருவ ஒப்புமை என்றும் பொருள் உண்டு. ஒருவருடைய முகம் அவர் பேரனிடம் தெரிந்தால் 'தாத்தாவின் சாயல்' என்கிறோம் அல்லவா? குடும்பப் படத்தை நாம் உற்றுப் பார்ப்பதே அந்தச் சாயலைத் தேடித்தான். ஆதலின் இப்பெயர் பொருத்தமானதே.

பாரிஸ் நகரில் டாகேர் என்பார் கண்டறிந்த முறை 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உலகிற்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும் முறை அது. ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான். பிரதி எடுக்க இயலாது. தொடக்கத்தில் வெயிலில் பல நிமிடம் அசையாமல் இருந்தால்தான் உருவம் விழும். 1851இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி எடுக்கும் ஈரத்தகட்டு முறையைக் கண்டார். இதில் ஒரு மூலத்திலிருந்து எத்தனை பிரதி வேண்டுமாயினும் எடுக்கலாம். ஆனால் பசை உலர்வதற்குள், அதாவது ஏறக்குறையப் பத்து நிமிடத்திற்குள், தகட்டைப் பூசி, படம் எடுத்து, கழுவியும் முடித்துவிட வேண்டும். எனவே படம் எடுப்பவர் செல்லுமிடமெல்லாம் இருட்டறையும் கூடவே செல்ல வேண்டியிருந்தது.

தமிழகத்திற்கு இக்கலை விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1850இல் சென்னையில் கலைப்பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாந்தர் ஹண்டர் இதில் மிக்க ஆர்வம் காட்டினார். 1856இல் சென்னையில் நிழற்படக் கழகம் ஒன்றும் தோன்றியது. அக்காலத்தில் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படைவீரர் 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய இடங்களின் கோயில்களையும் மண்டபங்களையும் படம்பிடித்தார். அவர் படங்களில் கல் தெளிவாக இருக்கிறது, மனிதர் அரியர். அசையாமல் நிற்பது கல்லுக்கு எளிது என்பது ஒரு காரணம். அரசாங்கத்தின் நோக்கமும் கட்டடங்களின் மீதே இருந்தது என்பது மற்றொன்று.

மனிதரைப் படம்பிடிக்க அரசாங்கம் முற்பட்டபோது, அது வேறொரு நோக்கத்தோடு முற்பட்டது. 1868 முதல் 1875 வரை இந்திய மக்களைப் பற்றி எட்டுத் தொகுதிகள் படங்களுடன் வெளிவந்தன. அவற்றில் மனிதர் தம் பெயரால் அறியப்பட்டதைவிட, இன்ன சாதியார், இன்ன குலத்தார் என்று மாதிரியாகக் காட்டப்பட்டதே மிகுதி. 1909இல் தர்ஸ்டன், ரங்காச்சாரி ஆகியோர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய ஏழு தொகுதிகளும் இவ்வழியில் வந்தவையே.

இவ்விடத்தில் பாலக்காடு வரலாற்றில் ஒரு பெயரைப் பெறுகிறது. பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரம் அக்கிரகாரத்தில் 1861இல் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர், கொச்சி சமஸ்தானத்தின் மக்களைப் பற்றி ஆராய்ந்து 1909இலும் 1912இலும் இரு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். காடுகளிலும் மலைகளிலும் வாழ்ந்த மக்களின் நிழற்படங்கள் அந்நூலில் நிறைய இடம் பெற்றன. பின்னர் அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பட்டு அங்கு மானிடவியல் கற்பித்தார். பாலக்காட்டுத் தமிழர் ஒருவர் காமிராவின் முன்னே அமராமல் அதன் பின்னே நின்ற தொடக்கக் காலச் சான்று இது. வெளி மாநிலத்தில் வாழ்ந்த தமிழர் வரிசையிலும் அவர் முன்னோடியே.

ஆராய்ச்சியாளர் எடுத்த படத்திற்கும் குடும்பத்தார் தாமே எடுத்துக்கொண்ட படத்திற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் எப்படி நிற்பது என்று பிறர் முடிவு செய்தனர். பின்னதில் எந்தப் புடைவை உடுத்துவது, யார் நடுவில் அமர்வது, கையில் எதைப் பிடிப்பது என்பவற்றைக் குடும்பமே முடிவு செய்தது. தன்னைப் பற்றி உலகம் என்ன நினைக்க வேண்டும் என்பதைச் சாதாரண மனிதன் தானே தீர்மானித்துப் பதிவு செய்ய வாய்த்த முதற் கருவிகளுள் இதுவும் ஒன்று. அதற்கு முன் உருவப் படம் என்பது அரசருக்கும் செல்வருக்கும் உரியது. கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மா தைலவண்ணத்தில் தீட்டிய உருவங்கள் புகழ்பெற்றவை. அத்தகைய படத்தை எழுதுவிக்க எல்லோராலும் இயலுமா? நிழற்படம் எழுதுவிப்பதோ நடுத்தர வகுப்பாருக்கும் மெல்ல மெல்லக் கைக்கு எட்டியது.

இதற்கு இரண்டு காரணங்கள் துணை செய்தன. 1862இல் சென்னையிலிருந்து மேலைக் கடற்கரை வரை இருப்புப்பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியே முழுமையாயிற்று. 1871இல் மாடக்ஸ் என்னும் மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டைக் கண்டார்; சில ஆண்டுகளில் அத்தகடுகள் தொழிற்சாலையில் செய்து விற்கப்பட்டன. ஈரத்தகடு இருந்தவரை இருட்டறையைச் சுமந்து திரிந்த படக்காரர், இப்போது தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ரயிலேறி, வண்டி கட்டிக்கொண்டு, சிற்றூர் வரை செல்ல முடிந்தது. நல்ல வெளிச்சத்தில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே போதுமாயிற்று. அதனால் கைக்குழந்தைகளும் படத்தில் தெளிவாக விழத் தொடங்கினர்.

இனி, படத்துக்கு நம் முன்னோர் ஆயத்தமான விதத்தைப் பார்ப்போம். பழைய ஸ்டுடியோ என்பது வெளிச்சத்தை நம்பி வாழ்ந்த இடம். கூரையின் ஒரு பகுதியைக் கண்ணாடியால் வேய்ந்து, நேர் வெயில் படாதபடி மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டியிருப்பார்கள். ஆடி மாதத்து மழை இருட்டில் வேலை நடவாது. சுவரில் தூண்களும் பூந்தோட்டமும் படிக்கட்டும் எழுதிய திரைச்சீலை தொங்கும். முக்காலியின்மேல் பெரிய மரக் காமிரா நிற்கும்; படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பார். அவருக்குக் கண்ணாடியில் குடும்பம் முழுவதும் தலைகீழாகத்தான் தெரியும். தொடக்கக் காலத்தில் நிற்பவரின் பிடரிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை வைத்து, தலை அசையாமல் பிடித்திருப்பார்கள். மிகப் பழைய படங்கள் சிலவற்றில் நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னே இரும்புக் கால் ஒன்று எட்டிப்பார்ப்பதைக் காணலாம். அது அத்தாங்கியின் அடிப்பாகம்.

ஆடை அணிவதிலும் ஒரு நுட்பம் இருந்தது. பழைய தகடுகள் எல்லா நிறங்களையும் ஒன்றுபோலப் பதிவு செய்யவில்லை. நீலமும் ஊதாவும் அவற்றில் வெண்மையாக விழும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும். ஆகவே அரக்குப் பட்டு கரும்பட்டாகத் தோன்றும். நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் இயல்பைவிடக் கறுத்து விழும். பொன் நகைகளும் மங்கும். பழைய படத்தைப் பார்த்துப் பாட்டி கறுப்புப் புடைவை உடுத்திக் கல்யாணம் செய்துகொண்டாளோ என்று இன்றைய பேத்தி வியக்க வேண்டுவதில்லை. அது சிவப்புக் கூறைப் புடைவையாகவே இருக்கக்கூடும். இக்குறையை நீக்கவே முகத்தில் மாவு பூசுவதும், நெகடிவில் பென்சிலால் 'டச்சிங்' செய்வதும், பிரதியில் நகைகளின்மேல் தங்க வண்ணம் தீட்டுவதும் வழக்கமாயின. 1906 முதல் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. அவை பரவப் பரவ இக்குறை நீங்கியது.

பழைய படங்களில் எவரும் சிரிப்பதில்லை என்று பலரும் கூறுவர். நெடுநேரம் அசையாதிருக்க வேண்டியதே காரணம் என்பது பாதி உண்மைதான். உலர்தகடு வந்த பின்னும் நம்மவர் சிரிக்கவில்லை. படம் எடுப்பது ஒரு சடங்குக்கு நிகராக இருந்தது. மூத்தோர் முன்னிலையில் பல்லைக் காட்டுவது மரியாதைக் குறைவு என்று கருதினர். அன்றியும், படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்னும் அச்சமும் முதியோரிடம் பரவியிருந்தது. அந்த அச்சத்தோடு நாற்காலியில் அமர்ந்தவர் முகத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்?

அந்த அச்சத்தின் விளைவாக மற்றொரு வழக்கமும் தோன்றியது. உயிரோடிருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளாத பெரியவர் காலமானால், உடலை நாற்காலியில் அமர்த்திப் படம் எடுத்து, பிரதியில் கண்கள் திறந்திருப்பதுபோலத் தீட்டச் செய்வார்கள். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களில் இத்தகையவை காணக் கிடைக்கின்றன. சுவரில் மாலையிட்டு வைக்க ஒரு முகம் வேண்டும் என்னும் தவிப்பே இதற்குக் காரணம். ஆயுள் குறையும் என்று மறுத்தவரையும் இறுதியில் படம் விட்டுவிடவில்லை.

பாலக்காட்டுத் தமிழர் இல்லங்களில் பெரும் படம் எடுப்பதற்குரிய நாள்கள் சஷ்டியப்தபூர்த்தியும் சதாபிஷேகமும். முன்னது அறுபது நிறைவது. பின்னது எண்பது கடந்து ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்வது. சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் அனைவரும் விடுப்பு எடுத்து ஊருக்கு வந்து சேரும் நாள்கள் இவையே. கல்பாத்தித் தேருக்கு வருவோரும் அதனை ஒட்டிப் படம் எடுத்துக்கொள்வதுண்டு. வாசலில் பந்தலுக்கு முன் ஜமக்காளம் விரிப்பார்கள். நடுவில் தம்பதியர் நாற்காலியில் அமர்வர். இருபுறமும் மூத்த மகன், மூத்த மாப்பிள்ளை, சம்பந்தி ஆகியோர் வரிசைப்படி இருப்பர். பின்னே இளையவர் நிற்பர். முன்னே குழந்தைகள் தரையில் அமர்வர். பட்டுக்கரை வேட்டியும் அங்கவஸ்திரமும், மடிசார்ப் புடைவையும் துலங்கும். இந்த வரிசையைச் சரிசெய்வதற்குள் ஒரு நாழிகை சென்றுவிடும். மாப்பிள்ளைக்கு நாற்காலி கிடைத்ததா, ஓரத்தில் நிறுத்திவிட்டார்களா என்பது பின்னாளில் குடும்பப் பேச்சாகவும் ஆகிவிடும்.

அண்டை வீட்டு நாயர் தறவாட்டுப் படத்தோடு இதனை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். மருமக்கள்தாய முறையில் நடுவில் அமர்பவர் காரணவர், அதாவது தாய்வழியில் மூத்த மாமன். குழந்தைகளின் தந்தை வேறு தறவாட்டைச் சேர்ந்தவர் ஆதலின் அப்படத்தில் அவர் இல்லாமலே இருக்கலாம். 1893இல் ரவிவர்மா தீட்டிய 'அதோ அப்பா வருகிறார்' என்னும் ஓவியம் இங்கு நினைவுகூரத் தக்கது. தம் மகள் மகாப்பிரபையைக் குழந்தையோடு நிற்கவைத்து எழுதிய அவ்வோவியத்தில், வருகின்ற தந்தை காட்டப்படவில்லை. தாயும் சேயும் அவர் வரும் திசையைப் பார்க்கிறார்கள். பாலக்காடு அன்று சேர்ந்திருந்த சென்னை மாகாணத்தில் மருமக்கள்தாயச் சட்டம் 1933இல் நடைமுறைக்கு வந்து, தந்தைக்கும் மனைவி மக்களுக்கும் உள்ள உறவைச் சட்டப்படி உறுதி செய்தது. பின்வந்த படங்களில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் அமர்ந்திருக்கும் சிறு குடும்பம் தலைகாட்டியது. சட்டப் புத்தகம் சொல்லும் மாறுதலை ஸ்டுடியோ நாற்காலியும் சொல்கிறது.

படத்தில் இல்லாதவர் யார் என்று கேட்பதும் வரலாற்றுக்கு இன்றியமையாதது. கைம்பெண்கள் மங்கல நிகழ்ச்சிகளில் முன்னிற்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட காலம் அது. அந்தக் கல்யாணத்துக்குச் சமைத்த அத்தையும், அந்தக் குழந்தைகளை வளர்த்த பெரிய பாட்டியும் கல்யாணப் படத்தில் இல்லாமற்போனது இதனால்தான். வயலில் உழைத்துக் களஞ்சியத்தை நிரப்பியவர்களும் அதில் இல்லை. 1924ஆம் ஆண்டுத் தேரின்போது கல்பாத்தித் தெருவில் ஈழவர் நடக்கும் உரிமை பற்றிப் பெரும் பிணக்கு எழுந்தது என்பதை நினைத்தால், அக்காலப் படங்களின் சட்டத்துக்கு வெளியே எத்தனை பேர் நிறுத்தப்பட்டிருந்தனர் என்பது விளங்கும். பழைய படத்தைப் போற்றும்போது இதனையும் மறவாமல் இருப்பது நேர்மை.

இனி மலைக்குச் செல்வோம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப் பகுதியைக் குத்தகையாகப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி அமைந்தது. போடியிலிருந்து மலைப்பாதை வழியே கங்காணிகள் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளின் ஏழை மக்களை அழைத்துச் சென்றனர். காட்டை அழித்து, தேயிலை நட்டு, மூணாறு என்னும் ஊரை உண்டாக்கியவர்கள் அவர்களே. 1924ஆம் ஆண்டு வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயில்பாதையை அழித்துச் சென்றது. அந்த ரயிலின் நிழற்படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. தோட்டக் காலத்துப் பழைய படங்களில் பொதுவாக ஒன்றைக் காணலாம். துரைமாரின் பெயர் கீழே எழுதப்பட்டிருக்கும். கூடை சுமந்து நிற்கும் பெண்கள் 'கூலிகள்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவர்.

தோட்டத் தொழிலாளர் தம் பெயரோடும் தம் விருப்பத்தோடும் படத்தில் அமர்ந்தது பிற்காலத்தில்தான். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் அளிக்க முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. கையில் சிறிது காசும், ஆண்டுக்கொருமுறை போனசும் கிடைத்த பின், பண்டிகை நாளில் புதுத்துணி உடுத்திக் கடைவீதிக்கு இறங்கி ஸ்டுடியோவுக்குச் செல்வது இயன்றது. மாரியம்மன் திருவிழாவுக்கோ மாதா கோயில் திருவிழாவுக்கோ வரும் படக்காரர் கூடாரத்தில் அட்டையால் செய்த விமானமோ காரோ இருக்கும்; பின்னே தாஜ்மகால் திரை தொங்கும். கொழுந்து பறிக்கும் கைகள் அன்று காரின் சக்கரத்தைப் பிடித்தன. நகைப்பதற்குரிய காட்சி என்று சிலர் எண்ணலாம். தாம் யார் என்பதைப் பிறர் எழுதிவைத்த காலம் போய், தாம் என்ன ஆக விரும்பினோம் என்பதை அவர்களே சொல்லிவைத்த காட்சி அது என்று நாம் கருதுகிறோம்.

இப்பக்கத்துப் படச்சுருள்களும் நெடுநாள் அயல்நாட்டிலிருந்தே வந்தன. 1960இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்னும் பெயருடன் வந்த அதன் கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் தாளும் தென்னாட்டு ஸ்டுடியோக்களில் பெரிதும் பழகின. வண்ணப் படமும், பின்னர் எண்முறைக் காமிராவும் வந்தபின் அத்தொழிற்சாலை நலிந்து மூடப்பட்டது.

வெளி மாநிலம் சென்றவர்க்குப் படம் ஒரு கடிதமாகவும் பயன்பட்டது. ஜாதகத்தோடு பெண்ணின் படம் பாலக்காட்டிலிருந்து மும்பைக்குத் தபாலில் சென்றது. பையனின் படம் அங்கிருந்து இங்கு வந்தது. விடுப்புக் கிடைக்காமல் அறுபதாம் கல்யாணத்துக்கு வர இயலாத மகனின் படத்தைத் தனியே வரவழைத்து, கூட்டத்துக்கு இடையே ஒட்டிச் சேர்த்து மறுபடம் எடுத்துக்கொடுப்பதில் ஸ்டுடியோக்காரர்கள் வல்லவர்கள். உற்று நோக்கினால் அவன்மீது விழும் வெளிச்சம் மட்டும் வேறு திசையிலிருந்து வரும். தாய் அதனைப் பார்ப்பதில்லை. பிள்ளை அருகில் நிற்கிறான் என்பதே அவளுக்குப் போதும்.

பிறகு, படம் எடுத்துக்கொள்ளாதவரும் எடுத்தே ஆகவேண்டிய காலம் வந்தது. 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி. என். சேஷன் 1993இல் வாக்காளர்க்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். அவர் பாலக்காட்டைச் சேர்ந்த திருநெல்லாயியில் 1932இல் பிறந்தவர். அக்கிரகாரத்துப் பாட்டியும் லயத்துப் பாட்டியும் ஒரே மாதிரியான வெள்ளைத் திரைக்கு முன், ஒரே மாதிரியான நாற்காலியில் அமர்ந்த நாள் அது. இருவர் படமும் ஒரே அளவு. முதியோர் பலர் மறைந்தபின், அந்த அட்டைப் படத்தையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டிய குடும்பங்களும் உண்டு.

உங்கள் வீட்டுப் பழைய படத்தின் காலத்தைக் கணிக்கச் சில வழிகள் உள. ஏறக்குறைய இரண்டரை அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் உள்ள தடித்த அட்டையில் ஒட்டியிருந்தால், அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரிய வகை. நாலேகால் அங்குலமும் ஆறரை அங்குலமும் உள்ள அட்டை அதற்குச் சற்றுப் பின் பரவி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வழங்கியது. அட்டையில் பொறித்த முகவரியும் பேசும். பாலக்காடு நகரம் 1956 அக்டோபர் வரை சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1949 ஜூலை முதல் திருவாங்கூர்-கொச்சி. தேவிகுளமும் பீருமேடும் முன்பு திருவாங்கூர். 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்தபின் கோட்டயம் மாவட்டம். 1972 ஜனவரி 26 முதல் இடுக்கி மாவட்டம். ஆங்கிலத்தில் 'பால்காட்' என்று எழுதிவந்ததைப் பாலக்காடு என்று மாற்றியது 1990இல். குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் முகவரி இத்தனை முறை மாறியிருக்கிறது.

இத்தகைய படங்களை வெறும் வீட்டுப் பொருள் என்று அறிஞர்கள் கருதுவதில்லை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி, எண்முறைப் பிரதி எடுத்துக் காக்கும் பணியில் ஈடுபட்டது. ஸ்டுடியோக்கள் மூடப்படும்போது கண்ணாடி நெகடிவ்கள் குப்பையில் போயின. வாரிசுகள் வீட்டை விற்கும்போது ஆல்பங்கள் பழைய பேப்பர்க் கடைக்குப் போயின. போனவை போக, எஞ்சியவற்றைக் காப்பது ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பாகும்.

அது எத்தகைய பொறுப்பு என்பதை மூணாற்றை அடுத்த பெட்டிமுடி உணர்த்தியது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டனர். அத்தகைய நாளில் வீட்டோடு வீட்டின் படங்களும் மண்ணுக்குள் போகின்றன. கோவையிலோ திருப்பூரிலோ வேலைக்குச் சென்ற உறவினர் கையில் ஒரு பிரதி இருந்தால், அதுவே அக்குடும்பத்தின் முகமாக எஞ்சும். ஆகவே எந்தப் படமும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது என்பதை முதல் விதியாகக் கொள்ளலாம்.

பழைய படத்தைப் பேணுவோர்க்கு வேறு சில குறிப்புகள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தெடுக்க முயல வேண்டாம். உருவம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே வைத்து மறுபடம் எடுத்துக்கொள்க. மலைநாட்டு மழைக்காலத்தில் ஈரச் சுவரில் படத்தை ஒட்ட மாட்டாமல், சட்டத்துக்குப் பின்னே காற்று புகச் சிறு மரத்துண்டு வையுங்கள். பூஜையறைப் புகையும் அடுக்களைப் புகையும் படத்துக்கு ஆகா. லேமினேஷன் செய்வது படத்தைக் காப்பதுபோலத் தோன்றி, பின்னாளில் கெடுக்கும். பின்புறத்தில் மையால் எழுதாமல் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள்.

இனி அடுத்த விடுமுறையில் ஊரில் கூடும்போது எடுக்கும் படத்துக்கு வருவோம். இன்று ஒவ்வொருவர் கையிலும் காமிரா இருக்கிறது. ஆயிரக்கணக்கில் படங்கள் குவிகின்றன. தொலைபேசி பழுதானால் அத்தனையும் போகின்றன. எனவே ஒரு படத்தையாவது முன்னோர் செய்ததுபோல் ஆயத்தத்தோடு எடுங்கள். முதியோர் களைத்துப் போகுமுன் காலை வெளிச்சத்தில், நிழலான வாசலில் அமர்த்துங்கள். அவர்கள் விரும்பும் ஆடையையே அவர்கள் உடுத்தட்டும். சமையலறையில் இருப்பவர், காமிராவைப் பிடிப்பவர், 'நான் எதற்கு' என்று ஒதுங்கும் அத்தை ஆகியோரை அழைத்து வந்து வரிசையில் நிறுத்துங்கள். எடுத்து முடிந்ததும் இடமிருந்து வலமாக எல்லோர் பெயரையும், உறவையும், ஊரையும், நாளையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயரை அறிந்த பெரியவர் அருகில் இருக்கும்போதே பழைய படத்துக்கும் அவ்வாறு எழுதிவிடுங்கள். அவர் மறைந்தபின் அப்படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் சொல்ல எவரும் இலர். தோட்டத்துப் பழைய படங்களில் கூடையோடு நிற்கும் அப்பெண்களைப் போல, நம் பாட்டிமாரும் பெயரற்றவர் ஆகிவிடுவர். அது நேராமல் காப்பதற்கு வேண்டியது ஒரு பென்சிலும் ஒரு பிற்பகலுமே.